கொதிக்கும் பைக்: சூட்டின் காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

சித்திரை பிறக்கும் வாரத்தில் பர்மாவின் மோல்மேனில் எந்தப் பைக் பட்டறையிலும் உட்கார நேரம் இருக்காது. நமக்குப் புத்தாண்டு, பர்மியருக்குத் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா. கோயிலுக்குப் போகிறவர்களும் தண்ணீர் ஊற்றி விளையாடப் போகிறவர்களுமாக ஊரே இரண்டு சக்கரத்தில் ஏறிவிடுகிறது. வெயிலோ உச்சத்தில் நிற்கிறது. நடுப் பர்மாவில், மக்வே பகுதியைச் சேர்ந்த சவுக் நகரில், 2024 ஏப்ரல் 28 அன்று 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. நம் கடலோரத்தில் அத்தனை ஏறுவதில்லை. ஆனாலும் மூன்று பேரைச் சுமந்துகொண்டு கூட்டத்துக்குள் ஊர்ந்து போகும் சின்ன இன்ஜினுக்கு நம் வெயிலே போதும்.

அப்படி ஒரு வாரத்தில்தான் பள்ளி ஆசிரியையான அக்கா ஒருவர் தம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். வியர்வையில் நனைந்திருந்தார்.

"தம்பி, நான் கவனிக்காமல் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டப்பாவைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் சிவப்பு விளக்கு எரிகிறதே!"

"எத்தனை நாளாக ஊற்றுகிறீர்கள், அக்கா?"

"தீபாவளி முடிந்ததிலிருந்து."

ஐந்து மாதம். மூடிய குழாய்க்குள் சுற்றிவரும் தண்ணீர் வாராவாரம் குறைகிறது என்றால் அது எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். எனக்கு முன்பே இரண்டு இடங்களில் வண்டியைக் காட்டியிருந்தார். ஓரிடத்தில், இன்ஜின் சூடேறிய பிறகே தண்ணீரைச் சுற்றவிடும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வை மாற்றினார்கள். இன்னோரிடத்தில் அதைக் கழற்றியே எறிந்துவிட்டார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவரும் தேடவில்லை. அந்த வண்டியில் என்ன இருந்தது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். இந்த வழிகாட்டியை நான் எழுதக் காரணமே அந்த ஐந்து மாதம்தான். குறைந்ததை நிரப்பிக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது. பாகத்தை மாற்றும் முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வரிசை தவறாமல் பார்க்கும் பொறுமைதான் தேவை.

ரங்கூன் நகரத்துக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், அங்குள்ள உறவினர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. மோல்மேன், தட்டோன், பெகு, மண்டலே பக்கம் பைக்கை நம்பிப் பிழைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், உண்மையிலேயே மிதமிஞ்சிச் சூடாகிறதா?

இன்ஜினைத் தொட்டால் கை சுடுகிறது என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். கை சுடத்தான் செய்யும். காற்றால் குளிரும் இன்ஜினின் தலைப்பகுதி நல்ல நிலையில் ஓடும்போதே 100 டிகிரியைத் தாண்டும். தண்ணீரால் குளிரும் இன்ஜினில், உள்ளே சுற்றும் குளிர்விப்பு நீரான கூலண்ட் 80 முதல் 105 டிகிரி வரை இருப்பது இயல்பு. நிறுத்திய பிறகு கேட்கும் 'டிக் டிக்' ஓசையும் நோயல்ல. சூட்டில் விரிந்த உலோகம் சுருங்கும்போது எழும் ஒலி அது.

நோயின் அறிகுறிகள் வேறு. மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் திருகியும் வண்டி சோர்கிறது. அப்போது இன்ஜினுக்குள் கூழாங்கற்களைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கிறது. கார்புரேட்டர் வண்டி என்றால் சாவியை அணைத்த பிறகும் இரண்டு மூன்று முறை தானாகச் சுழல்கிறது. எரிந்த ஆயில் வாடையோ, சர்க்கரைப் பாகு தீய்ந்தாற்போன்ற தித்திப்பு வாடையோ வருகிறது. சிறிது நேரம் ஓடிய பின் கிக் லீவர் வழக்கத்தைவிட இறுகிப்போகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படியுங்கள்.

கூடவே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எப்போது சூடாகிறது? நின்று நின்று போகும்போது மட்டும் சூடாகி, ஓட்டம் பிடித்ததும் தணிந்தால், காற்றோட்டத்தையும் மின்விசிறியையும் சந்தேகிக்க வேண்டும். வேகமாக ஓடும்போது அல்லது மேடேறும்போது மட்டும் சூடானால், தண்ணீர் சுற்றுவது குறைந்திருக்கலாம், அந்தத் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது பெட்ரோல் கலவை நலிந்து காற்று கூடியிருக்கலாம். கிளப்பிய ஐந்தே நிமிடத்தில் கொதித்தால், தண்ணீர் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டது, அல்லது சிலிண்டருக்கும் தலைப்பகுதிக்கும் நடுவில் அடைத்து நிற்கும் தலைக் கேஸ்கெட் போய்விட்டது. இந்த ஒரு விடையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வண்டியைக் கொண்டுவருகிறவரிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

வழியில் கொதித்துவிட்டால்

நிழலாகப் பார்த்து நிறுத்துங்கள். ரேடியேட்டருக்கு மின்விசிறி உள்ள வண்டியானால், இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் மீண்டும் திருப்பி வையுங்கள். பல வண்டிகளில் விசிறி தொடர்ந்து ஓடி உதவும். பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். அருகில் தேநீர்க் கடை இருந்தால் அங்கே போய் உட்காருங்கள், வண்டியிடம் போகாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் விடுபட்டு அத்தனையும் ஆவியும் வெந்நீருமாக முகத்தில் பாயும். மேல் குழாயைத் துணி சுற்றிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். அது தளர்ந்து, கையால் தொட்டு வைத்திருக்கக்கூடிய அளவு ஆறிய பிறகே மூடியில் கை வைக்கலாம்.

இன்னொன்றையும் திருவிழாக் காலத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன். கொதித்து நிற்கும் இன்ஜின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஓடும்போது படும் மழையும் தெருவில் வீசப்படும் நீரும் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் மிதமிஞ்சிச் சூடேறி நிற்கும் தலைப்பகுதியில் ஒரே இடத்தில் குளிர்நீர் கொட்டினால் அலுமினியம் கோணலாம், தீப்பொறி பிளக்கின் வெள்ளைப் பீங்கான் விரிசல் விடலாம். ஐஸ் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காற்றால் குளிரும் வண்டிகள்

நம் ஊரில் அதிகம் ஓடும் கென்போ, ஹோண்டா வேவ் போன்றவை இந்த இனம். ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் காற்று பட்டுச் சூட்டை எடுத்துப் போகிறது. ஆகவே அந்தத் தகடுகளிலிருந்து தொடங்குங்கள். முடோன், தன்பியூசயாத் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் வண்டிகளைப் பார்த்தால், செம்மண் தகடுகளின் இடையில் செங்கல்போல் இறுகிக் கிடக்கும். ஆயில் கசிவும் இருந்தால் மண் அதில் ஒட்டி இன்னும் கெட்டியாகிவிடும். வண்டி ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் தகட்டுக்குத் தகடு கிளறி எடுங்கள். முன் சக்கரத்துப் பக்கம் மட்டும் துடைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பிளக்கைச் சுற்றியுள்ள குழியில்தான் அதிகம் அடைந்திருக்கும்.

அடுத்தது ஆயில். இந்த வண்டிகளில் ஆயில் மசகு மட்டுமல்ல, குளிர்ச்சியில் ஒரு பங்கும் அதுவே. மொத்தமாக உள்ளே இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவு. அதில் கால் லிட்டர் எரிந்துபோனால் மீதி ஆயில் எத்தனை சூடேறும் என்று நினைத்துப் பாருங்கள். சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக் குச்சியைப் பாருங்கள். கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கியர் வண்டியில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகிறது. எரிபொருள் சிக்கனத்துக்காக வழவழப்பு கூட்டிய கார் ஆயில் அந்த கிளட்சை நழுவ வைக்கும். நழுவும் கிளட்ச் தானே ஒரு அடுப்பு. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற தரக்குறி உள்ள ஆயிலை வாங்குங்கள். தடிப்புக்கு உங்கள் வண்டியின் புத்தகம் சொல்வதையே பின்பற்றுங்கள்.

மூன்றாவதாக, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இரண்டு சுற்றாவது தானாக ஓட வேண்டும். பிரேக் ஷூ உரசிக்கொண்டிருந்தாலும், சங்கிலி விறைப்பாக இருந்தாலும், இன்ஜின் நாள் முழுதும் பிரேக்கை இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். இன்ஜினையே பிரித்துப் போட்ட பிறகு, காரணம் பின் பிரேக் என்று தெரியவந்த வண்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவு வீணாகப் போனது இன்றும் எனக்கு மனவருத்தம்தான். சுமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மூட்டை அரிசி 30 வீசை, அதாவது ஏறத்தாழ 49 கிலோ. இரண்டு மூட்டையும் ஓட்டுநருமாக மேட்டில் மூன்றாம் கியரில் முக்கவைத்தால் எந்த 125 சிசி இன்ஜினும் கொதிக்கும். அங்கே பழுது இல்லை. கியரைக் குறையுங்கள், அல்லது இரண்டு நடையாகப் போங்கள்.

பெட்ரோலும் காற்றும்

இது இரண்டு இன வண்டிகளுக்கும் பொது. பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் வேலையாகிறது. மற்றதெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் போகிறது, இன்னொரு பகுதி இன்ஜின் உடம்பில் ஏறுகிறது. கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் உடம்பில் ஏறும் சூடு அதிகரிக்கும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக, பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்புபோல் வெளுத்து, முனையில் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தால் கலவை நலிந்திருக்கிறது. கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு, பெட்ரோல் வடிகட்டியில் அழுக்கு, அல்லது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பில் விரிசல் என்று மூன்றில் ஒன்று. விரிசலைக் கண்டுபிடிக்க, இன்ஜின் மெதுவாக ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓட்டத்தின் ஒலி மாறினால் அங்கேதான் காற்று புகுகிறது. இதற்குப் பெட்ரோலைத் தெளிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

சாலையோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு அது தெய்வம்போல் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாட்டில் பெட்ரோல் ஊற்றிய அன்றே கூழாங்கல் சத்தம் தொடங்கினால், தொட்டியை வடித்து, பெட்ரோல் நிலையத்தில் 92 அல்லது 95 ஆக்டேன் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

வால்வு இடைவெளியும் ஒரு காரணம். புகைபோகும் வால்வு முழுதாக மூடாவிட்டால் அதன் விளிம்பு எரியும். ஆறிய இன்ஜினில் மெல்லிய அளவுத் தகடு வைத்துப் புத்தகத்தில் உள்ள எண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைப் பட்டறையில் விடுவதே நல்லது.

தண்ணீரால் குளிரும் வண்டிகள்: நீர்மட்டமும் மூடியும்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் நடு. தாய்லாந்திலிருந்து மியாவடி வழியாக வந்து குவிந்த ஸ்கூட்டர்களும், 150 சிசி பைக்குகளும் பெரும்பாலும் இந்த இனம்.

காலையில், வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது பாருங்கள். உபரி டப்பாவில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே நீர் இருக்க வேண்டும். அதோடு நின்றுவிடாதீர்கள். ரேடியேட்டர் மூடியையும் திறந்து உள்ளே பாருங்கள், கழுத்துவரை நீர் நிற்க வேண்டும். டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் வற்றியிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் ஏமாற்று. டப்பாவை மட்டும் பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அது எப்படி நடக்கிறது? மூடி வெறும் தட்டு அல்ல. அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரியது, உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 1.1 பார் ஆகும்வரை அடைத்துப் பிடித்து, அதற்கு மேலே போனால் உபரி நீரை டப்பாவுக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம்தான் கொதிநிலையை உயர்த்துகிறது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்த நீர் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். நல்ல மூடியின் கீழ் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் அந்தக் காப்பு முழுதும் போய்விடும். நடுவிலுள்ள சின்ன வால்வு, வண்டி ஆறும்போது டப்பாவிலிருந்து நீரைத் திரும்ப உறிஞ்சுகிறது. அது மாட்டிக்கொண்டால் போன நீர் திரும்பாது. காலையில் மேல் குழாய் உறிஞ்சிய பழச்சாற்றுப் பை மாதிரி ஒட்டிப்போய் இருந்தால் குற்றவாளி இந்தச் சின்ன வால்வுதான்.

நகத்தால் அந்த நடு வால்வை மெல்ல இழுத்துப் பாருங்கள், இழுத்து விட்டதும் சடக்கென்று உட்கார வேண்டும். ரப்பர் விறைத்திருந்தாலோ, விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தாலோ மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த எண் பொறித்த மூடிதான் வாங்க வேண்டும். எண் கூடுதலாக இருந்தால் நல்லது என்று நினைத்து வாங்கினால் பழைய குழாய்கள் வெடிக்கும்.

தண்ணீர் எங்கே போகிறது?

தரையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் இரவு முழுதும் வண்டியை நிறுத்துங்கள். காலையில் அட்டையில் உள்ள கறையை விரலால் தொட்டுப் பாருங்கள். கூலண்ட் பிசுபிசுக்கும், பச்சை, இளஞ்சிவப்பு என்று ஏதோ ஒரு நிறம் இருக்கும். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். அது தித்திக்கும், ஆனால் எத்திலீன் கிளைக்கால் என்னும் அந்தப் பொருள் கொடிய நஞ்சு. நாயும் பூனையும் தித்திப்புக்காக நக்கிச் சாகும். சிந்தியதை உடனே மண் போட்டுத் துடைத்தெடுங்கள். வடித்த கூலண்டைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், தண்ணீர்ப் பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

எல்லாக் கசிவும் தரையில் சொட்டாது. சூடான இன்ஜின்மேல் கசியும் துளி அங்கேயே ஆவியாகிவிடும், உப்புப்போல் ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். டார்ச் எடுத்துக் குழாய்களின் இரு முனைகளையும் கிளிப்புகளையும், ரேடியேட்டரின் ஓரத் தொட்டிகளையும் பாருங்கள். குழாயைப் பிசைந்து பாருங்கள். பழைய குழாய் ஒன்று மரக்கட்டையாக விறைத்திருக்கும், அல்லது சோறு குழைந்தாற்போல் தொளதொளத்திருக்கும். இரண்டுமே மாற்ற வேண்டியவை.

பிறகு தண்ணீர்ப் பம்ப். அதன் உறையின் அடியில் தீக்குச்சி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பம்பின் தண்டைச் சுற்றி இரண்டு சீல்கள் உண்டு, ஒன்று நீரைத் தடுப்பது, மற்றது ஆயிலைத் தடுப்பது. நடுவில் விட்ட இடைவெளியின் வாய்தான் இந்தத் துளை. நீர் சீல் போனால் துளையில் கூலண்ட் வரும், ஆயில் சீல் போனால் ஆயில் வரும். எது கெட்டது என்று வண்டியே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

ஆசிரியை அக்காவின் வண்டியில் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்து டார்ச் அடித்தேன். துளையைச் சுற்றி வெளிர்பச்சைப் பொருக்கு, காய்ந்த பாசிபோல். இன்ஜினைக் கிளப்பிக் காத்திருந்தோம். மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. நான்காவது நிமிடத்தில் பொருக்கின் ஓரம் நனைந்து கறுத்தது, ஒரு துளி திரண்டது, விழாமல் இன்ஜின் உடம்பிலேயே வழிந்து காய்ந்துபோனது. தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "இதுதானா!" என்று அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஒரு துளியில் வழிந்து போயிருந்தன.

அந்தத் துளையை மட்டும் எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். அடைத்தால் கூலண்ட் ஆயிலுக்குள் போகும், அதோடு பேரிங்குகளும் போகும். இரண்டு சீல்களையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் முறை.

காற்றுப் பாதை, விசிறி, உணரி

ரேடியேட்டரின் தேன்கூட்டுத் தகடுகளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஊடே வெளிச்சம் தெரிய வேண்டும். பூச்சி, சேறு, ரப்பர் இலைச் சருகு என்று அடைந்திருந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெல்ல விடுங்கள். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தை அருகில் கொண்டுபோனால் தகடுகள் மடிந்துவிடும். மடிந்தவற்றைக் கோணூசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம்.

ஹோண்டா கிளிக் போன்ற ஸ்கூட்டர்களில் ஒரு தனித்தன்மை உண்டு. ரேடியேட்டர் முன்னால் இல்லை, இன்ஜினின் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. விசிறி இன்ஜினின் தண்டோடு சேர்ந்தே சுழல்கிறது. ஆகவே அவற்றில் மின்விசிறி கெட்டது, அதற்கு மின்சாரம் விடும் ரிலே கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒன்றே அங்கே இல்லை. பின்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுக்கு மிக அருகில் இருப்பதால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் வலப்பக்க உறையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை சாதாரண மழையல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

மின்விசிறி உள்ள வண்டியில், நிறுத்தி வைத்து ஓடவிடுங்கள். 100 டிகிரியை ஒட்டி விசிறி சுழல வேண்டும். சுழலாவிட்டால் வரிசையாகப் பாருங்கள்: முதலில் ஃபியூஸ், பிறகு விசிறியின் இணைப்பைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது. அப்போதும் சுழலாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுழன்றால் கோளாறு ரிலேயிலோ வெப்ப உணரியிலோ இருக்கிறது. உணரியை மல்ட்டிமீட்டரால் சோதிக்கலாம். பல வண்டிகளில் அறை வெப்பத்தில் 2 கிலோ ஓம் சுற்றிக் காட்டும், கொதிநீரில் தோய்த்தால் சில நூறு ஓமுக்கு இறங்கும். எண் அசையாமல் நின்றால் உணரி செத்துவிட்டது. விசிறியை யாராவது மாற்றியிருந்தால், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். கம்பிகளை மாற்றி இணைத்தால் விசிறி தலைகீழாகச் சுழன்று, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

தெர்மோஸ்டாட்

இதைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. "வெயில் நாட்டுக்கு எதற்கு?" என்கிறார்கள். அது தவறு. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் ஆயிலில் ஈரம் தங்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் விரைவாகத் தேயும். கெட்டுப்போயிருந்தால் மாற்றுங்கள், நல்லதை எறியாதீர்கள்.

சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. கூடவே ஒரு வெப்பமானி. சூடேற்றும்போது 75 முதல் 85 டிகிரிக்குள் வாய் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள், கூலண்ட் நஞ்சு பாத்திரத்தில் தங்கும்.

தலைக் கேஸ்கெட்

எல்லாம் சரியாக இருந்தும் நீர் குறைகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் அது உள்ளே போகிறது. மூடியைத் திறந்துவைத்து, ஆறிய இன்ஜினைக் கிளப்பி ரேடியேட்டர் கழுத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. ஐந்து நிமிடமாகியும் சோடாபோல் குமிழி நிற்காமல் வந்தால் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் பால் கோவா நிறத்தில் நுரை, சைலன்சரில் தித்திப்பு வாடையுடன் நிற்காத வெண்புகை, இவையும் அதே கதைதான். மழைக்காலக் காலையில் சிறிது நேரம் வெண்ணிற ஆவி வருவதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த நிலையில் வண்டியை ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது. தள்ளிக்கொண்டோ சுமை வண்டியில் ஏற்றியோ கொண்டுபோங்கள். கேஸ்கெட்டை மாற்றும்போது தலைப்பகுதியின் அடிப்பரப்பில் நேர்கோல் வைத்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். கோணிய தலைமேல் புதுக் கேஸ்கெட் போட்டால் இரண்டே மாதத்தில் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள்.

திரும்ப நிரப்புவது

குழாய்க்கிணற்று நீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் படிந்து அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். கலந்து விற்கும் கூலண்ட் வாங்கலாம், அல்லது கெட்டிக் கூலண்டோடு வாலை வடித்த நீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். பேட்டரிக்கு ஊற்றும் நீரை வாங்கினால், அது வெறும் வடிநீர்தானா, அமிலமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு நிறக் கூலண்டை ஒன்றாகக் கலக்க வேண்டாம். புத்தகம் வேறு சொல்லாவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

மெல்ல ஊற்றி, மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினைக் கிளப்புங்கள். ஓடும்போது மேல் குழாயைப் பிசைந்து பிசைந்து விடுங்கள், வண்டியை இடமும் வலமுமாகச் சாயுங்கள். உள்ளே சிக்கிய காற்று 'குபுக்' என்று வெளியேறி மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகே மூடுங்கள். இதைச் செய்யாமல் மூடிவிட்டால் காற்றுக்குமிழி தலைப்பகுதியில் தங்கி, புதுக் கூலண்டோடும் வண்டி கொதிக்கும்.

கடைசியாக, டப்பாவில் நீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மூன்று நாள் வழக்கம்போல் ஓட்டி, காலையில் ஆறிய நிலையில் அந்தக் கோட்டைப் பாருங்கள். காற்று முழுதும் வெளியேறும்வரை முதல் நாளில் சிறிது இறங்கலாம். அதன் பிறகு இறங்கக் கூடாது.

அக்காவின் வண்டியில் இரண்டு சீல்களையும் மாற்றி, எறியப்பட்டிருந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாகப் புதியதைப் பொருத்தி, டப்பாவில் கோடு போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தொலைபேசியில் படம் அனுப்பினார். கோடும் நீரும் ஒரே மட்டத்தில் இருந்தன.